பனிக்கட்டியில் படுத்திருந்த பையன்

தேன்மெழுகு போட்டுத் தேய்த்த மரத்தரையின் வாசமும், வாளித் தண்ணீரில் கரைத்த எலுமிச்சைச் சவர்க்காரத்தின் வாசமும் ஒன்றாக மூக்கில் பட்டால், இன்றைக்கும் நான் என்னையறியாமல் கால்களைக் கதிரைக்கு மேலே தூக்கிவிடுகிறேன். ஈரத்தரையில் மிதிக்கக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. பத்து வயதில், ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில், பள்ளி விடுமுறை நாட்களில் என்னைத் தனியே வீட்டில் விட முடியாமல் அம்மா தன் 'புட்ஸ்' வேலைக்குக் கூட்டிப்போவார். சுத்தம் செய்வதற்கு ஜெர்மன்காரர் சொல்லும் சொல்லை எங்கள் ஆட்கள் அப்படிக் குறுக்கி வைத்திருந்தார்கள். ஹெல்மன் என்ற விதவை அம்மையாரின் வீடு அது. அதன் நீண்ட நடைவழியில், கதிரையில் கால் மடக்கி இருந்துகொண்டு, எதிர்ச்சுவரில் தொங்கிய ஆறு படங்களைப் பார்ப்பதே எனக்கு அங்கிருந்த ஒரே வேலை.

அவை ஜப்பானில் மரப்பலகையில் செதுக்கி, மை பூசி, தாளில் ஒற்றி எடுத்த பழைய படங்கள். கப்பல் பொறியியலாளராக இருந்த கணவர் எப்போதோ வாங்கி வந்தவையாம். தாளின் ஓரங்களில் தேநீர் தெறித்ததுபோலப் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன. ஆனால் நீலம் மட்டும் நேற்றுப் பூசியதுபோல ஆழமாக இருந்தது. ஆறும் பெற்றோருக்காகப் பிள்ளைகள் பட்ட பாட்டைச் சொல்லும் படங்கள் என்றும், கதைகள் சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போனவை என்றும் அம்மையார் சொன்னார். ஒன்றில், நுளம்புகள் தாய் தகப்பனை விட்டுத் தன்னைக் கடிக்கட்டும் என்று ஒரு சிறுவன் சட்டையைக் கழற்றிவிட்டுக் கிடந்தான். இன்னொன்றில், நோயில் கிடந்த தாய் கேட்ட மூங்கில் குருத்தைத் தேடி ஒரு மகன் வெண்பனிக்குள் முழங்காலளவு புதைந்து நின்றான். எனக்கு நேரே தொங்கியதில், உறைந்த ஆற்றின்மேல் ஒரு பையன் வெற்றுடம்போடு படுத்திருந்தான். சிறியதாய்க்கு மீன் தின்ன ஆசை, ஆறோ பனிக்கட்டி, அதைத் தன் உடம்புச் சூட்டால் உருக்குகிறான். ஆறாவது படத்தில் ஒருவன் மண்வெட்டியோடு குழி தோண்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி கைக்குழந்தையோடு நின்றாள். அந்தக் கதையை மட்டும் அம்மையார் சொல்லவில்லை. நீ இன்னும் வளர வேண்டும் என்றார்.

கேட்ட கதைகளை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா தரை துடைக்கும் தடியில் சாய்ந்து நின்று கேட்டுவிட்டு, "பிள்ளையள் எண்டால் இப்பிடி இருக்க வேணும்" என்றார். களைத்த வாயால் போகிற போக்கில் சொன்ன சொல். மத்தியானத்துக்குள் அவரே மறந்திருப்பார். நான் மறக்கவில்லை.

ஏனென்றால், எங்கள் வீட்டின் ஜெர்மன் மொழி முழுவதும் என் வாயில்தான் இருந்தது. கடிதங்களை நானே வாசித்தேன். அரசாங்க அலுவலகத்தில் 'டெர்மின்', அதாவது நேரம் குறித்த சந்திப்பு, என்றால் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருந்தேன். அப்பா இரும்புத் தொழிற்சாலையில் மாறி மாறி ஷிஃப்ட் செய்தார். சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய அகதிகளுக்கான தற்காலிக அனுமதித் தாளில்தான் நாங்கள் இருந்தோம். அப்பாவின் வேலை போனால் அந்தத் தாளும் போய்விடும் என்பது எங்கள் சமையலறையில் அடிக்கடி கேட்ட பேச்சு. சரியோ பிழையோ, நான் அதை முழுமையாக நம்பினேன்.

அந்த மார்கழியில் அப்பாவின் கால்கள் வீங்கத் தொடங்கின. சப்பாத்துக்குள் கால் போகாமல் நாடாவை அவிழ்த்துவிட்டபடியே வேலைக்குப் போனார். தைமாதம் அம்மாவுக்கு வேலையாக இருந்த ஒரு காலையில் நானும் அப்பாவும் வைத்தியரிடம் போனோம். அவர் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, வேறு பெரியவர் யாரும் வரவில்லையா என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். வெளியே ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அவர் தயங்கி, பிறகு மெதுவாக, சின்னச் சின்னச் சொற்களாகச் சொன்னார்: அப்பாவின் சிறுநீரகங்கள் இரண்டும் வேலை செய்வதை நிறுத்திக்கொண்டிருக்கின்றன, இந்த வாரமே வைத்தியசாலையில் சேர வேண்டும், இனி மெஷின்தான் இரத்தத்தைச் சுத்தம் செய்யும், இந்த வேலையை இனிச் செய்ய முடியாது. எனக்குப் புரியவில்லை என்று இன்றைக்குச் சொல்லிவிட ஆசைதான். ஆனால் புரிந்தது.

அப்பா என் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி காத்திருந்தார்.

"ஒண்டுமில்லையாம் அப்பா. நல்லா ஓய்வெடுக்கட்டாம். ஒரு மாசத்தால வரட்டாம்."

அப்பா எழுந்து வைத்தியரின் கையைக் குலுக்கி, தெரிந்த ஒரே சொல்லால் நன்றி சொன்னார். வைத்தியர் தந்த தாளை நான் என் புத்தகப்பையில் கணக்குக் கொப்பிக்கு உள்ளே வைத்தேன்.

பன்னிரண்டு நாட்கள் அந்தத் தாள் அங்கே இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் நான் என் சக்திக்கு எட்டிய வைத்தியத்தைச் செய்தேன். எல்லோரும் படுத்த பிறகு யன்னலைத் திறந்து, போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு, பல் கிடுகிடுக்கப் படுத்துக்கிடந்தேன். போதுமான அளவு குளிரைத் தாங்கினால் அப்பாவின் கால் வற்றிவிடும் என்று உறுதியாக நம்பினேன். படத்தில் அந்தப் பையனுக்கு மீன் கிடைத்ததே. அப்பாவோ முகமும் வீங்கி, சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, படி ஏற மூச்சு வாங்கிக்கொண்டு, ஷிஃப்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

பதின்மூன்றாம் நாள் காலை எனக்குக் காய்ச்சல் கொதித்தது. எழுப்ப வந்த அம்மா திறந்து கிடந்த யன்னலையும் விறைத்த என் கால்களையும் கண்டு பயந்துபோனார். ஏன் என்று கேட்டார். பனிக்கட்டியில் படுத்த பையனைப் பற்றிச் சொல்லி, புத்தகப்பையைக் காட்டினேன். தாளை எடுத்தும் அம்மாவால் அதை வாசிக்க முடியவில்லை. அதையும் நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அன்றே அப்பாவை வைத்தியசாலையில் சேர்த்தார்கள். அம்மா என்னை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. கட்டில் விளிம்பில் இருந்து என் பாதங்களைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து வெகுநேரம் தேய்த்தார். காய்ச்சல் விட்டதும் அப்பாவைப் பார்க்கப் போனேன். கழுத்தில் குழாய் பொருத்தியிருந்தார்கள். கட்டிலுக்குக் கிட்ட வரச் சொல்லி, "குஞ்சு, அது உன்ர வேலையில்லை. உன்னட்டைக் குடுத்தது எங்கட பிழை" என்றார். அந்தப் பன்னிரண்டு நாட்களால் என்ன கெட்டது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. சிறுநீரகங்கள் எப்படியும் போயிருக்கும் என்று, தாதியாக வேலை பார்க்கும் எனக்கு இப்போது தெரியும். தெரிந்தும் பாரம் குறைந்ததாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை அம்மா வேலைக்குப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். வாளியை எடுக்காமல், கோட்டைக்கூடக் கழற்றாமல், நேரே அந்தக் குழி தோண்டும் படத்தின் முன் போய் நின்றார். இதின்ர கதையைக் கேள் என்றார். ஹெல்மன் அம்மையார் எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒளிக்காமல் சொன்னார். வறுமை, கிழத்தாய் தன் பங்குச் சோற்றைப் பேரப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடக்கிறாள், தாயைக் காப்பாற்ற மகன் தன் குழந்தையைப் புதைக்கத் துணிகிறான், தோண்டிய குழியில் ஒரு பானை பொன் கிடைக்கிறது, எல்லோரும் பிழைக்கிறார்கள். நான் தமிழில் சொல்லி முடிக்கும்வரை அம்மா கண்ணிமைக்கவில்லை.

"பொன் கிடைக்காட்டில் என்ன செய்திருப்பான் எண்டு கேள்."

கேட்டேன். அம்மையார் தனக்குத் தெரியாது என்றார். இத்தனை வருடமும் இந்த நீலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றும் சொன்னார். பிறகு சமையலறைக்குள் போய் அம்மாவுக்கும் ஒரு கோப்பை தேநீர் ஊற்றினார்.

அந்தக் கேள்விதான் அம்மாவுக்காக அந்தக் காலத்தில் நான் மொழிபெயர்த்த கடைசி வசனம். மாசி மாதமே அம்மா மாலை நேர ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தார்; பதிவுத் தாளை நிரப்ப உதவியவர் ஹெல்மன் அம்மையார். வேலையால் வந்து, சமைத்து வைத்துவிட்டு, பேருந்தில் போய், தூங்கி விழுந்துகொண்டு படித்தார். வினைச்சொற்களைக் கொன்று, பால் வேறுபாடுகளை மிதித்து, ஆனால் சத்தமாக, அப்பாவின் வைத்தியரோடும் அனுமதித் தாள் அலுவலகத்தோடும் தானே கதைத்தார். என்னை எந்த டெர்மினுக்கும் கூட்டிப்போகவில்லை. அப்பா வேலையிழந்தார், ஆனால் எங்களை யாரும் அனுப்பிவிடவில்லை. கிழமைக்கு மூன்று முறை மெஷினில் இருந்தபடி ஒன்பது வருடம் வாழ்ந்து, என் 'அவுஸ்பில்டுங்', அதாவது தாதிப் பயிற்சி, முடிய ஒரு வருடம் இருக்கையில் போய்ச் சேர்ந்தார்.

ஹெல்மன் அம்மையாரும் இல்லை. அவர் வீட்டில் இப்போது பல் வைத்தியர் ஒருவர் இருக்கிறார்; நடைவழியில் பிளாஸ்டிக் தரை விரித்திருக்கிறார்களாம். படங்கள் யாரிடம் போயின என்று தெரியாது. போன வருடம் வந்த மூளை இரத்த அடைப்போடு அம்மாவின் ஜெர்மனும் போய்விட்டது. பின்னால் வந்த மொழி முன்னால் போனது. தமிழ் அப்படியே இருக்கிறது. இப்போது அவர் ஹம் நகரில் என்னோடு இருக்கிறார். டெர்மின்களுக்கு நான் கூடப் போகிறேன்.

போன மாதம் பீலெஃபெல்டில் ஒரு நரம்பு வைத்தியரைப் பார்த்துவிட்டு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். முதல் நாள் இரவு ஷிஃப்ட் செய்துவிட்டு நேரே வந்திருந்தேன். களைப்போ என்று அம்மா கேட்டார். வழக்கமாக இல்லை என்றுதான் சொல்வேன். அன்றைக்கு, ஓம் அம்மா, சரியான களைப்பு என்றேன்.

"அப்ப கண்ணை மூடு. ஹம் வர எழுப்பிறன்."

கண் விழித்தபோது ரயில் நின்றிருந்தது. யன்னலுக்கு வெளியே காமென் என்ற பெயர்ப்பலகை. ஹம் எப்போதோ பின்னால் போயிருந்தது. அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அசையாமல், என் தலை சரிந்திருந்த தோளைச் சற்றே உயர்த்திப் பிடித்தபடி இருந்தார். அறிவிப்பு அவருக்குப் புரியாமல் போயிருக்கலாம். நான் கேட்கவில்லை.

"நல்ல நித்திரை, பிள்ளை. எழுப்ப மனம் வரேல்லை" என்றார்.