ஐந்தாவது ஆதாரம்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். மன்னார்த் தீவின் வடக்குக் கரையில் நண்டு வாங்கும் கம்பெனி ஒன்றின் தராசடியில் பல வருடம் நின்று மேற்பார்வையாளர் ஆனேன். ஆன கையோடு கம்பெனியில் புதுச் சட்டம் வந்தது. மேற்பார்வையாளர் எல்லோரும் கடற்றொழில் டிப்ளோமா முடிக்க வேண்டும். முடிக்காதவர்கள் பழையபடி தராசடிக்குப் போக வேண்டும். என்னை நினைத்துத்தான் அந்தச் சட்டம் போட்டார்கள் என்று நம்பினேன். எந்தச் சட்டத்தையும் அப்படித்தான் நம்புவேன்.

சனிக்கிழமைகளில் மன்னார் டவுனில் வகுப்பு. எழுதிக் கொடுக்க வேண்டிய கடைசி ஒப்படை இது: உங்கள் கரையில் நண்டு பிடிபாடு எப்படி மாறியிருக்கிறது? குறைந்தது ஐந்து ஆதாரம் வேண்டும். ஐந்தும் ஆய்வாக இருக்க வேண்டும்.

மதியம் நண்டு வண்டி போனபின் ஐஸ் பெட்டிமேல் இருந்து போனில் தேடினேன். 'மன்னார் நண்டு' என்று போட்டால் குழம்பு வைக்கும் முறை வந்தது. வகுப்பில் உயிலங்குளத்துக்காரி ஒருத்தி நெல்லைப் பற்றி எழுதினாள்.

"நெல்லுக்கு உலகமே எழுதி வச்சிருக்கு அக்கா. உங்கட நண்டை ஆரும் கவனிக்கேல்லப் போல" என்றாள்.

நூலகத்தில் இருந்தவர்தான் வழி சொன்னார். நண்டின் இலத்தீன் பெயரைப் போட்டுத் தேட வேண்டும். ஒரு கட்டுரை கிடைத்தால் அதன் கடைசியில் உள்ள பட்டியலைப் பார்க்க வேண்டும். அடுத்த கட்டுரை அதில் இருக்கும். பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் வியர்த்துப் பாதி அழிந்துவிட்டது. மீதியைப் போட்டேன், போன் விளங்கிக்கொண்டது.

நான்கு கட்டுரைகள் கிடைத்தன. நான்கும் வேறு நாட்டுக் கடல். ஐந்தாவதின் தலைப்பில் எங்கள் ஊரின் பெயர் இருந்தது. எழுந்து நின்று வாசித்தேன். இங்கிலீசைப் போனே தமிழாக்கித் தந்தது. எங்கள் கரையில் நண்டு பாதியாகக் குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள். 'இதை நண்டு வாங்குநர்களும் உறுதிப்படுத்தினர்.'

அந்தக் கரையில் நண்டு வாங்குவது நான் ஒருத்திதான்.

எங்கள் ஊரில் படிவத்தோடு வருகிறவர்களுக்கு உள்ளதைச் சொல்லும் வழக்கம் இல்லை. நிவாரணப் படிவம் என்றால் கிழிந்த வலைகள் கூடும். வேறு எந்தப் படிவம் என்றாலும் பிடித்த நண்டு பாதியாகும். எழுதிக்கொண்டு போனால் பின்னால் ஏதாவது தடை வரும் என்ற பயம். கம்பஸில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் ஆராய்ச்சிப் படிவத்தோடு வந்தபோது கரை முழுவதும் பாதி சொன்னது. பாவம், வெயிலில் நின்றார்கள். பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்துவிட்டு நானும் பாதி சொன்னேன்.

வீட்டுக்காரர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, நான் சொன்ன பொய் ஆராய்ச்சியா வந்திட்டுது."

"நல்லதுதானே. எடுத்து எழுது."

"பொய்யெண்டு தெரிஞ்சும் எப்பிடி எழுதுறது?"

"படிப்பிக்கிறவைக்குத் தெரியாதுதானே."

"எனக்குத் தெரியுமே."

"அப்ப நீ அதை வாசிக்காம விட்டிருக்கோணும்."

"உண்மையை எழுதினால்?"

அவர் வலையை மடியில் போட்டார். "ஊர் முழுக்கப் பொய்யர் எண்டு எழுதப்போறியோ? பிறகு நான் ஆரோட கடலுக்குப் போறது?"

உண்மையை எழுதினால் ஊர் பகைக்கும், ஒன்றும் எழுதாவிட்டால் தராசடி. சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் மிஸ்ஸிடம் போனேன்.

"மிஸ், ஐந்தாவது ஆதாரம் பிழை."

"எப்பிடித் தெரியும்?"

"அந்தப் பிழையைச் சொன்ன ஆக்களில நானும் ஒராள்."

மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் போட்டார்.

"பிழையான ஆதாரத்தையும் பாவிக்கலாம். ஏன் பிழையெண்டு எழுதவேணும். சரியான நிறை எங்கயாவது இருக்கோ?"

"என்ர தராசுக் கொப்பியில இருக்கு மிஸ். ஒவ்வொரு நாளும் நிறுத்ததெல்லாம் அதில எழுதியிருக்கு."

"இவ்வளவு நாளும் அதை வச்சுக்கொண்டோ போனில தேடினீங்கள்?"

கொப்பியைப் பாவிக்கக் கம்பெனியிடம் கேட்டேன். உடனே சம்மதித்தார்கள். ஏன் உடனே சம்மதித்தார்கள் என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு எழுதினேன். நண்டு குறைந்துதான் இருக்கிறது, ஆனால் பாதியாக இல்லை. பயத்தினால் மக்கள் குறைத்துச் சொல்கிறார்கள், நானும் சொன்னேன்.

தேறினேன். மேற்பார்வையாளர் வேலை தங்கியது. அடுத்த கிழமை மிஸ் போன் எடுத்தார்.

"உங்கட ஒப்படையை எங்கட இணையப் பக்கத்தில போடுவம். உங்கட கரையைப் பற்றித் தேடுற ஆக்களுக்கு உதவும்."

"போடுங்கோ மிஸ். ஊரின்ர பேரை மட்டும் எடுத்துவிடுங்கோ."

"பேர் இல்லாட்டி ஒருத்தரும் தேடிக் கண்டுபிடிக்கேலாதே."

"ஓம் மிஸ்" என்றேன்.