பாரீஸுக்குப் போன செனத்தேர்

ஓமனில், சோஹார் கேம்பில் எங்கள் ரூமில் மூன்று இரட்டை அடுக்குக் கட்டில்கள், ஆறு பேர். எனக்கு மேல்கட்டில். தூக்கத்தில் உருண்டு விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில், லுங்கியால் இடுப்பைக் கம்பியோடு கட்டிக்கொண்டுதான் படுப்பேன். கட்டியபின், தீப்பிடித்தால் எப்படி அவிழ்ப்பது என்று அடுத்த கவலை வரும். அதனால் கீழ்கட்டில்காரர் ஒருவர் விசா கேன்சலாகி ஊருக்குப் போனதும், அந்த இடம் எனக்குக் கிடைத்துவிடாதா என்று தவித்தேன். மேலே படுத்த மற்ற இருவருக்கும் அதே ஆசை.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பின் காரைக்கால் அண்ணன் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தார். என் கட்டிலுக்கு நேர் கீழே படுப்பவர் அவர்.

“ஆயிரத்து எண்ணூத்திச் சொச்சத்துலயே எங்க பக்கம் எலெக்‌ஷன் வச்சு செனத்தேரைப் பாரீஸுக்கு அனுப்பினாங்க. இங்கயும் அந்த முறையிலயே வச்சுக்குவோம்.”

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். செனத்தேர் என்றால் ஏதோ கோயில் தேர் என்று நினைத்தேன். அவ்வளவு உயரத் தேர் நடுக்கடலில் சாய்ந்தால் என்ன ஆவது என்று மனசு அடித்துக்கொண்டது.

“சக்கரத்தைக் கழட்டியாண்ணே கப்பல்ல ஏத்தினாங்க?”

ரூமே சிரித்தது. செனத்தேர் ஓர் ஆள், பிரெஞ்சுக்காரர்களின் மேல்சபை உறுப்பினர் என்றார் அண்ணன். சனங்கள் அவருக்கு நேராக ஓட்டுப் போட முடியாதாம். உள்ளூர்ச் சபைக்காரர்கள் மட்டும் போடுவார்களாம்.

“அதனால கீழ்கட்டில்காரங்க ரெண்டு பேருக்குத்தான் ஓட்டு.”

“மேல்சபைன்னா மேல படுக்கிறவந்தானேண்ணே போடணும்?” என்றான் புதுக்கோட்டை வெல்டர், தன் மேல்கட்டிலிலிருந்து.

“நீங்க ஆளாளுக்கு உங்களுக்கே போட்டுக்குவீங்க. கலாஸ், பேச்சு முடிஞ்சுது.”

இன்னொரு கீழ்கட்டில்காரர் கீழக்கரை பாய். “என் ஓட்டு மாஃபி, யாருக்கும் கிடையாது. யாரு வந்தாலும் குறட்டை விடாம இருந்தாச் சரி” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மிச்சம் ஒரே ஓட்டு. அண்ணன் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இவனுக்கு” என்று என்னைக் காட்டினார்.

“ஒத்த ஆளு போட்டா அது எலெக்‌ஷனாண்ணே? இவர்ட்ட என்ன தகுதியக் கண்டீங்க?” என்றான் வெல்டர்.

“தகுதியா? இவன் மேல புரண்டு புரண்டு கவலைப்படுறான். கட்டில் கிறீச்சு கிறீச்சுங்குது. நான் தூங்க வேணாமா?”

உடனே மெத்தையைச் சுருட்டிக்கொண்டு போனேன். என் புதுக் கட்டிலுக்கு மேலே வெல்டர், ரூமிலேயே பருத்த ஆள். படுத்தபின்தான் தெரிந்தது, தலைக்கு மேலே பலகை தொய்ந்து இறங்கியிருந்தது.

“தம்பி, இந்தக் கட்டில் தாங்கும்ல?”

“நான் வச்ச வெல்டிங்தான். பேசாம படுங்க, செனத்தேரே.”

எழுந்து நான்கு காலையும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.