எந்நாளும் விரதம்

துணுக்காயில் நாங்கள் தையல் வேலை செய்த கொட்டிலில் ஓர் அக்கா எனக்குப் பக்கத்து மெஷினில் இருந்தார். கழுத்தெலும்பு சட்டைக்கு மேலால் தெரியும். மதியம் நாங்கள் சோற்றைத் திறந்தால், "எனக்கு விரதம்" என்பார். எந்தக் கிழமைக்கும் அவரிடம் ஒரு சாமி இருந்தது. பெரிய பக்தை என்று மதித்தோம்.

ஒருநாள் கசிப்பு என்ற கள்ளச்சாராய வெறியில் வாசலில் விழுந்து கிடந்த அவருடைய தம்பியை, எங்களுக்குத் தையல் பழக்கிய ரீச்சர் ஏசினார்.

"கொக்காவை, உன்ர அக்காவைப் பாத்துத் திருந்தடா!"

அக்கா மெஷினை நிறுத்தினார்.

"அவன் குடிச்சு மறக்கிறான், நான் பட்டினி கிடந்து மறக்கிறன். அவனை ஏசுறியள், என்னைக் கும்பிடுறியள். ரெண்டும் ஒரே நோய், ஒரே வருத்தந்தான், ரீச்சர்."

"அப்ப இது விரதமில்லையோ?" என்றேன்.

"விரதமெண்டால் ஒரு நேரத்தில முடியுமெல்லோ?"

இன்றும் யாராவது விரதம் என்றால், எப்போது முடியும் என்று கேட்டுவிடுகிறேன்.