ஏலக்காய் மூட்டையில் போன கடிதம்

ஏலத்தோட்டத்துச் சூப்பர்வைசர் வேலை என்பது, நாள் முழுக்க மழையில் நனைந்துகொண்டே காய்ந்த காய்க்குப் பதில் சொல்கிற வேலை. டவர் தேடிப் பாறைமேல் ஏறி, போனைத் தூக்கிப் பிடித்து நின்றவர்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

டவர் படுத்த வாரம்

என் மனைவி ஈஸ்வரி, மலைக்குக் கீழே போடி ஊரில், எங்கள் முதலாளியின் கூடத்தில் ஏலக்காய் தரம் பிரிக்கிறாள். சிலமலையில் அவள் தம்பி கட்டிய வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் காயெடுப்பு மும்முரத்தில் என்னால் போக முடியவில்லை. அன்றிலிருந்து பேச்சில்லை. நான் போனில் எது எழுதினாலும் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வரும்.

காற்றில் டவர் படுத்ததும் அந்தக் கட்டைவிரலும் போயிற்று. காய் உலர்த்தும் ஸ்டோரின் விவரத்தை முதலாளிக்குச் சீட்டில் எழுதி, ஆள் ஏற்றி வரும் ஜீப்பில் அனுப்ப வேண்டியதாயிற்று. பேனா பிடித்துப் பல வருஷம். முதல் வரி ஒழுங்காகக் கிளம்பி, மூன்றாவது வரி தாளின் மூலையில் போய் முட்டியது. டிரைவர் செல்வம் வாங்கிப் பார்த்தான். "அண்ணே, எழுத்தும் நம்ம ஜீப்பு மாதிரி மேடு ஏறுதே."

சட்டைப்பை

ரோஷத்தில் செல்வத்திடமே சொல்லி ஒரு மைப்பேனா வாங்கினேன். பத்து நாளில் கை பழைய வழிக்கு வந்துவிட்டது. 'ழ'வின் வாலைச் சுழித்து இழுக்கும்போது வருகிற சுகம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. காய்க் கறை படிந்த விரல் ரேகையும் தாளில் சேர்ந்து விழும். ஸ்டோரில் ஆள் இல்லாத நேரத்தில் என் பேரையே நாலு முறை எழுதிப் பார்த்திருக்கிறேன்.

தோட்டம் பார்க்க வந்த முதலாளி சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். "போன்ல வந்தா படிச்சேனான்னே நெனப்பில்லைய்யா. ஒன் சீட்ட மட்டும் தூக்கிப்போட மனசு வரமாட்டேங்குது."

தரம் பிரித்தது

அந்தத் தைரியத்தில் ஈஸ்வரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். தப்பு என்னுடையது என்றேன். விசேஷத்துக்கென்று தேய்த்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, அன்று சாயங்காலம் ஸ்டோரில் தனியாக உட்கார்ந்திருந்ததையும் எழுதினேன். போனில் இதெல்லாம் எனக்கு வந்ததே இல்லை.

வெளியே அடைமழை. மொத்த மலையிலும் ஈரம் படாத இடம், பிளாஸ்டிக் உறை போட்ட காய்ந்த ஏலக்காய் மூட்டைதான். கடிதத்தை அதன் வாய்க்குள் செருகினேன். அதை எடுத்து அவள் கையில் கொடுக்கும்படி செல்வத்திடம் சொல்வதற்குள் ஆட்கள் என்னைக் கூப்பிட, திரும்பி வந்தபோது மூட்டையும் தைத்தாயிற்று, ஜீப்பும் போயாயிற்று.

மறுநாள் செல்வம் சிரிப்பை அடக்கிக்கொண்டு இறங்கினான். "அண்ணே, மூட்டையக் கொட்டவும் கடுதாசி விழுந்துருச்சு. பன்னெண்டு பொம்பளைக சத்தம்போட்டு வாசிச்சு, தரம் பிரிச்ச பெறகுதான் அக்கா கைக்கே போச்சு."

ஈஸ்வரியின் கையெழுத்து

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊர் சிரிக்க வைத்துவிட்டேன், இனி அந்தக் கட்டைவிரல்கூட வராது என்றே முடிவு கட்டினேன்.

மூன்றாம் நாள் ஜீப்பில் ஒரு தூக்குவாளி வந்தது. உள்ளே கருவாட்டுக் குழம்பு. மூடிமேல் மடித்த தாள். இத்தனை வருஷத்தில் அவள் எழுத்தை, படிவத்தில் போடும் கையெழுத்தாகத்தான் பார்த்திருக்கிறேன். குண்டு குண்டாக ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தாள். ஸ்டோர் வாசலில் நின்றே மூன்று தடவை படித்தேன், கண் கலங்கிவிட்டது. கடைசி வரி இது: "தேச்ச சட்டையப் போட்டுட்டு ஒக்காந்திருந்த விசயத்த அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஏன் பேசாம இருக்கப்போறேன்? இனிமே ரெண்டு தாளா எழுதுங்க, ஒண்ணு எனக்கு, ஒண்ணு இவளுக வாசிக்கிறதுக்கு."

டவர் இப்போது ஸ்டோருக்குள்ளேயே எடுக்கிறது. எனக்குத்தான் வாரம் இரண்டு தாள் எழுத வேண்டியிருப்பதால் போனைப் பார்க்க நேரமில்லை.