பச்சையிலும் நின்ற ஷேர் ஆட்டோ

பேய் என்றாலே சிரிக்கிற ஆள் நான். அதனால் நம்புங்கள் என்று உங்களைக் கெஞ்சப் போவதில்லை. 2004 ஜனவரி 20, செவ்வாய்க்கிழமை. மாலை 5.40 முதல் 6.17 வரை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், மணலி டேங்கர்கள் திரும்பும் ஒரு சிக்னல். நானும் ஜெரினாவும் போக்குவரத்து சர்வேக்குப் போயிருந்தோம். அவள் சிக்னல் கம்பத்தடியில் ஸ்டாப்வாட்சுடன் நிற்பாள். பதினைந்து நொடிக்கு ஒரு விசில். விசில் கேட்டதும், அந்த நேரத்தில் நிற்கும் வண்டிகளை எண்ணி நான் தாளில் எழுத வேண்டும். எண்ணிய ஒவ்வொரு வண்டியும் பதினைந்து நொடி நின்றதாகக் கணக்கு. அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, சராசரித் தாமதம் எவ்வளவு, பச்சை விளக்கின் நேரத்தைக் கூட்டலாமா என்று முடிவு செய்வார்கள்.

சலிப்பான வேலை. மழை வந்தால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மனசுக்குத் தோன்றியதை எழுதி நிரப்புவோம். கேட்க நாதி இல்லை. 2002-இல் இதே சிக்னலில் நான் அப்படித்தான் செய்தேன். எல்லாம் சின்னச் சின்ன எண்கள். கூட்டுவது சுலபம்.

அன்று மழை இல்லை.

5.40. சிவப்பு. துறைமுகம் போகும் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே ஒரு ஷேர் ஆட்டோ. பச்சை விழுந்தது. முன்னால் நின்றவை போயின. ஆட்டோ மட்டும் நகரவில்லை. ரிப்பேர் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒவ்வொரு முறை எண்ணும்போதும் அதற்கென்று ஓரத்தில் தனியாக ஒரு கோடு போட்டேன்.

அடுத்த பச்சை. அதற்கடுத்த பச்சை. அசையவில்லை.

ஒன்று உறுத்தியது. பின்னால் நின்ற யாரும் ஹாரன் அடிக்கவில்லை. எங்கள் ஊரில் பச்சை விழுந்தும் நிற்கிறவனுக்கு ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டு விழும். இதற்கு ஒரு வார்த்தை விழவில்லை.

5.58. ஆட்டோவிலிருந்து ஒரு கை வெளியே நீண்டிருந்தது. முழங்கை வரை கண்ணாடி வளையல். பக்கவாட்டுக் கம்பியில் தட்டியது.

கிணிங்...

அந்தச் சத்தம் முதலிலிருந்தே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அப்போதுதான் கவனித்தேன்.

கிணிங்... ஒரு கோடு.

கிணிங்... ஒரு கோடு.

6.09. பின்னால் வந்த டிரெய்லர் பிரேக் போடவில்லை. ஆட்டோவுக்குள்ளேயே... புகுந்து, நேராக மறுபக்கம் போனது.

ஆட்டோ அங்கேயே நின்றது.

கத்தத் தோன்றவில்லை. பயம்கூட இல்லை.  கை மட்டும் எழுதிக்கொண்டே இருந்தது.

கிணிங்...

6.17.

வளையல் கை தொங்கியது.

ஆட்டோ இல்லை.

ஜெரினா மூச்சிரைக்க வந்தாள். “அண்ணே, வாட்ச் பூட்ச்சு. அஞ்சு நாப்பதுலேர்ந்து நா விசிலே அடிக்கல. பேட்டரி தேடி கட கடையா சுத்திகினு வரேன். நீ இன்னாத்த எழுதிகினு கீற?”

“அந்த ஷேர் ஆட்டோ...”

“இன்னா ஆட்டோ?”

டீக்கடைக்குப் போனோம். கடைக்காரர் மாசானத்திடம் சொன்னேன். அவர் டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

“தாயம்மா. தலைப்பிரசவம். போன ஐப்பசியில, வளைகாப்பு வளையலோட ஷேர் ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாவ. இந்த சிக்னல்ல ஒரு பச்சைக்கு ரெண்டு டிரெய்லர்தான் நகரும். நான் மணியப் பாத்துக்கிட்டே நின்னேன். முப்பத்தேழு நிமிசம். பிள்ளையும் தங்கல, தாயும் தங்கல.”

ஓரத்துக் கோடுகளை எண்ணினேன். நூற்று நாற்பத்தெட்டு. பதினைந்தால் பெருக்கினேன். அறுபதால் வகுத்தேன்.

முப்பத்தேழு.

“பச்சையைக் கூட்டச் சொல்லி அதுக்கு முன்னாலயே மனு கொடுத்தோம் தம்பி,” என்றார் மாசானம். “இங்க தாமதமே இல்லையாம். ரெண்டாயிரத்து ரெண்டுல எடுத்த கணக்கு இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாவ.”

டீயை நீட்டினார். நான் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.