படுத்த குதிரையும் ரோஸ் நிறக் கோழியும்

அலுவலகத்தின் ஆண்டு மதிப்பீட்டில் அவளைப் பற்றி இப்படி எழுதியிருந்தது: "ஆவணக் காப்பாளர். பொறுமை மிக்கவர். உரிய காலத்துக்கு முன் எந்தத் தாளையும் அழியவிடாதவர். சக மனிதர்களின் உயர்வில் மகிழ்பவர்."

எழுதிய அதிகாரி அவள் வீட்டுக்கு வந்ததில்லை. வந்திருந்தால், குளியலறை வாளிக்கு முன்னால் உட்கார்ந்து தாள்களைச் சுக்குநூறாகக் கிழிக்கும் பெண்ணைத் தன் ஊழியர் என்று நம்பியிருக்க மாட்டார்.

திருட்டுத் தாள் இல்லை. விடுப்பு விண்ணப்பப் படிவத்தை மாற்றியபோது பழைய ரோஸ் நிறப் படிவங்கள் கட்டுக் கட்டாகக் கழிக்கப்பட்டன. கேட்டு வாங்கி வந்தாள். ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, வெள்ளைப் பசையும் சாக்பீஸ் தூளும் சேர்த்துப் பிசைந்தால் பொம்மை செய்யக் கூழ் தயார். ஊரெல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள், ஊருக்கெல்லாம் வருகிறது. இவள் நிற்கிற குதிரை செய்வாள். வெயிலில் வைத்த மறுநாளே கால்கள் வெடித்து அது படுத்த குதிரையாகிவிடும்.

"லீவு ஃபாரத்துல செஞ்சா வேற என்ன பண்ணும்? லீவு போட்டுப் படுத்துடுச்சு," என்றார் கணவர்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாடியில் குடியிருக்கும் கொழுந்தன் மனைவியைத்தான் பொறுக்க முடியவில்லை. வீட்டில் இவள் பெரியவள், அவள் சின்னவள். இவளைப் பார்த்துத்தான் சின்னவள் ஆறு மாதத்துக்கு முன்னால் ஆரம்பித்தாள். இன்று அவள் செய்த கிண்ணத்திலோ பூனையிலோ மயிரிழை விரிசல் கிடையாது. பெரியவள் மனதாரப் பாராட்டுவாள். பாராட்டிவிட்டு இறங்கும் பதினாறு படியிலும் படிக்குப் படி வயிறு எரியும்.

இந்த நிலையில், தெருக்காரர்களின் கைவேலைகளை ஒரு வருடம் கண்ணாடி அலமாரியில் வைப்பதாக நூலகம் அறிவித்தது. வீட்டுக்கு ஒரு பொருள்தான். யாரும் கூடிப் பேசவில்லை, ஆனாலும் முடிவாகிவிட்டது: சின்னவளின் அடைகாக்கும் கோழி.

"குதிரை நல்லா தூங்கட்டும் அண்ணி, எழுப்ப வேணாம்," என்றான் கொழுந்தன்.

நூலகம் பெரியவள் அலுவலகம் போகும் வழியில் இருந்தது. அவள் கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். ஆகவே கோழியைக் கொண்டுபோய் விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்கிற வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது. கோழியை வாங்க மாடி ஏறினாள்.

"அடியில பெயின்ட் அடிக்கலக்கா. அங்க யாரு பாக்கப்போறா?" என்றாள் சின்னவள்.

பொறாமைக்காரர்கள் முதலில் பார்ப்பதே அடிப்பக்கத்தைத்தான். பெரியவள் திருப்பினாள். கோழியின் வயிறு ரோஸ் நிறத்தில் இருந்தது.

"இது என் ஃபாரம்."

"உங்க கூழுக்கா. வெடிச்சதை எல்லாம் குப்பைல போடுறீங்களே, அதைத்தான் எடுத்துட்டு வந்து மறுபடி ஊறப்போடுவேன். நாலு நாள். அப்புறம் நல்லா அரைச்சு, நிழல்ல காயவைப்பேன். நீங்க எவ்வளவு நேரம் ஊறவைப்பீங்க?"

ஒரு மணி நேரம். ஒரு தாளைப் பத்து வருடம் அலமாரியில் காக்கத் தெரிந்தவளுக்கு அதை நான்கு நாள் வாளியில் விட்டுவைக்கத் தெரியவில்லை. அதை வாய்விட்டுச் சொல்வானேன்?

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நீ?"

"குப்பையை யாருக்கா கேட்டு எடுப்பா? ஆனா கூழு உங்களோடதுன்னு லைப்ரரில விசாரிக்கப் போனப்பவே சொல்லிட்டேன்."

இனி அவளைத் திருடி என்றும் சொல்ல முடியாது. இத்தனை மாதம் பெரியவள் தன் கூழைப் பார்த்தே வயிறெரிந்திருக்கிறாள். அதைவிடக் கொடுமை, சின்னவள் நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாள்.

விண்ணப்பத்தில் 'செய்தவர்' என்று ஒரே ஒரு கோடு போட்டிருந்தார்கள். நூலக மேசையில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்தாள். கூழ் இவளுடையது, நாலு நாள் அவளுடையது. நூலகர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார்.

கோட்டின் மேல் சின்னவளின் பெயரை முத்து முத்தாக எழுதிக் கொடுத்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், காலையில் வெடித்துவிட்டதென்று குப்பைக் கூடையில் போட்ட கூழை ஒரு பிடி விடாமல் திரும்ப எடுத்து வாளியில் ஊறப்போட்டு மூடி, மூடியின் மேல் நாலு நாள் தள்ளி ஒரு தேதியை எழுதி ஒட்டினாள்.