காபட் போட்ட பாதை

எல்கடுவைக்குப் போகும் பாதை குண்டும் குழியுமாகக் கிடந்த நாட்களில் வேனை உருட்டிக்கொண்டுதான் போவேன். மழை பெய்தால் பள்ளத்தின் ஆழம் தெரியாது. இன்னும் மெதுவாகப் போவேன். அப்படி ஒருநாள், தேயிலைக் கொழுந்துப் பையோடு ஓரமாக நடந்த ஒரு பெண் ஜன்னலருகே வந்து, "நடக்கிற ஆளுகளப் பாத்து மெதுவா ஓட்டுறது நீங்க மட்டுந்தாண்ணே" என்றார். என் கவலையெல்லாம் வேனின் ஸ்பிரிங் உடையக்கூடாது என்பதுதான். அதைச் சொல்லித் தொலைக்காமல், பெரிய மனிதன் போலத் தலையாட்டினேன்.

பிறகு தார் ஊற்றிக் காபட் போட்டார்கள். பாதை வழவழவென்று ஆனது, என் காலும் ஆக்சிலேட்டரை விட்டு எழவில்லை. போன மாதம் அடைமழையில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்து வளைவில் தேங்கியிருந்த தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனேன். கண்ணாடியில் பார்த்தால் அதே பெண், தலை முதல் கால் வரை சேறு.

வேனை நிறுத்தி, இறங்கி ஓடினேன். நன்றாக ஏசட்டும் என்றுதான் முன்னால் போய் நின்றேன். அவர் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"பரவாயில்லண்ணே. இப்பதான் பாதை நல்லாயிருச்சே."